கசியும் கல்லும் பூட்டிய துருசும்

தப்தர் ஜெய்லானிக்குப் போய்வந்தவர்கள் நம்மவரில் ஏராளம். பலாங்கொடையிலிருந்து கல்தொட்டைக்குச் செல்லும் வீதியில், கூரகல மலையின் விளிம்பில் இருக்கும் அந்தக் குகையைப் பற்றிக் கதைகளும் பைத்துகளும் உண்டு. மர்ஹூம் எம்.எல்.எம். அபூசாலி அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நூலும் உண்டு. ஸியாரத் கூடுமா கூடாதா என்ற நமது உள்வீட்டுச் சண்டையும், அந்த இடம் யாருக்கு உரியது என்று நீண்ட காலமாக நடந்துவரும் வெளிவீட்டுச் சண்டையும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றில் எதையும் நான் இங்கே எடுக்கப் போவதில்லை. மலை விளிம்பில் நின்று ஓதிவிட்டுத் திரும்புகிற நம்மவர்கள் அநேகமாகப் பார்க்காமலே வருகின்ற ஒன்று, அந்தப் பிரதேசத்திலேயே இன்னும் கீழே இருக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

வளவை கங்கை மத்திய மலைநாட்டின் தென்புறச் சரிவில் பிறந்து, சமனலவெவ, உடவளவை என்ற இரண்டு நீர்த்தேக்கங்களைக் கடந்து, அம்பலாந்தோட்டையில் கடலோடு சேர்கிறது. மலைநாடு முடிந்து வரண்ட சமவெளி தொடங்குகின்ற இடத்தில், கல்தொட்டை வயல்களுக்கு மேலே, ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்குக்குள் அது சுமார் 40 மீற்றர் கீழே விழுகிறது. சிங்களத்தில் அதற்குத் ‘துவிலி எல்ல’ என்று பெயர். துவிலி என்றால் தூசி. விழுந்து தெறித்து எழும் திவலை, தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குப் புழுதி கிளம்பியது போலத் தெரியும். இதே பெயரில் வேறு நீர்வீழ்ச்சிகளும் நாட்டில் உண்டு. நான் சொல்வது கல்தொட்டைத் துவிலி எல்லவை.

ஆவணி விடுமுறையில் நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். ஓட்டோ போகக்கூடிய தூரம் போய், பிறகு காட்டுப் பாதையால் நடந்தோம். வழிகாட்ட வந்த இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களமோ பஸ்ஸில் மிச்சக்காசு கேட்கும் அளவுதான். பாலையும் வீரையும் எங்கள் பக்கத்துக் காட்டில் நிற்பது போலவே அங்கும் நின்றன. நிலம் வெடித்துக் கிடந்தது. வழியில் கடந்த இரண்டு மூன்று ஓடைகளில் ஈரமே இல்லை. அப்படியான ஒரு கோடையில் நீர்வீழ்ச்சி பார்க்கப் போவது புத்தியுள்ள காரியமா என்று நண்பர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காட்டுக்குள் முதலில் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் காற்றில் குளிர். அப்புறம் திடீரென்று பாறை விளிம்பும், அதற்கப்பால் ஒன்றுமில்லாத வெளியும், அந்த வெளிக்குள் நீரும்.

வர்ணிக்க எனக்குத் தெரியாது. வர்ணித்தவர்களும் வென்றதாகத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றபோது நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ளுஹருக்கு உளூச் செய்ய இறங்கிய இடத்தில் நீர் ஐஸ் போல இருந்தது. தொழுது முடித்தபின்தான் எனக்குள் அந்தக் கேள்வி வந்தது. ஓடைகளெல்லாம் வரண்டு கிடக்கும் ஆவணியில், மேலே சமனலவெவ அணை நீரை மறித்து நிற்கையில், இது எங்கிருந்து வருகிறது? இளைஞனிடம் கேட்டேன். “காந்துவே வத்துர” என்றான். கசிவின் தண்ணீர்.

கசிவு என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்த நாட்டின் பொறியியல் வரலாற்றில் மிகவும் சங்கடமான அத்தியாயம் ஒன்று இருக்கிறது. சமனலவெவ அணை பெலிஹுல் ஓயாவும் வளவை கங்கையும் சேரும் இடத்துக்குக் கீழே, சுமார் 100 மீற்றர் உயரத்தில் கல்லும் களிமண்ணும் கொண்டு எழுப்பப்பட்டது. யப்பானும் பிரித்தானியாவும் கடன் கொடுத்தன. 1986 இல் தொடங்கி 1992 இல் முடித்தார்கள். 120 மெகாவாட் மின்சாரம் அதன் இலக்கு. தேக்கிய நீரை மலைக்குள்ளால் ஐந்து கிலோமீற்றருக்கும் அதிகமான சுரங்கம் ஒன்றின் வழியே வேறொரு பக்கமாகக் கொண்டுபோய், அங்கே மின்நிலையத்தில் விழுத்தி, மறுபடி கீழே ஆற்றில் சேர்ப்பது ஏற்பாடு. எல்லாம் சரி. அணையின் வலது கரை மலை மட்டும் நல்ல மலையாக இல்லை. அதற்குள் சுண்ணக்கல் இருந்தது.

சுண்ணக்கல் என்றதும் நமக்கு யாழ்ப்பாணம்தான் ஞாபகம் வரும். அங்குள்ளது கடல் படியவைத்த கல். மலைநாட்டில் கடும்பாறைகளுக்கிடையே படை படையாக இருப்பது அதைவிட எத்தனையோ மடங்கு பழையது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து பளிங்காகிப்போன சுண்ணக்கல். இரண்டுக்கும் குணம் ஒன்று: நீருக்கு இணங்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லின் வெடிப்புகளுக்குள் புகுந்து, இலட்சக்கணக்கான வருடங்கள் பொறுமையாக அதைக் கரைக்கிறது. வெடிப்பு குழாயாகிறது, குழாய் குகையாகிறது. எட்டாம் வகுப்பில் வினாகிரித் துளியைச் சுண்ணக்கல் துண்டில் விட்டு நுரைக்கவைத்துக் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நுரைத்து முடிந்த இடத்தில் சிறு குழி இருக்கும். மலைக்குள் நடந்ததும் இதுதான், அவசரமில்லாமல்.

அந்த மலைக்குள் துவாரங்கள் இருப்பது கட்டும்போதே தெரிந்திருந்தது. சீமெந்துக் கூழை உள்ளே செலுத்தி அடைக்க முயன்றார்கள். 1992 ஒக்டோபரில், நீர் தேங்கிக்கொண்டிருக்கையில், அணைக்குக் கீழே வலது கரையை உடைத்துக்கொண்டு ஒரு ஊற்று வெளியே பாய்ந்தது. அணைக்குக் கீழே வாழ்ந்த சனங்களின் நெஞ்சு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அதன்பின் 1990களின் கடைசியில் படகுகளில் மண் ஏற்றிப்போய் நீர்த்தேக்கத்தின் அடியில் பாய் விரித்தது போலக் கொட்டிப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது; நிற்கவில்லை. விநாடிக்குச் சுமார் 2,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 17 கோடியே 28 இலட்சம் லிட்டர். இவ்வளவும் மின்நிலையத்துக்குள் போகாமல் கல்லுக்குள்ளால் நழுவி, பழைய ஆற்றுப் படுக்கைக்கே வந்து சேர்கிறது. அந்தப் படுக்கையில்தான் துவிலி எல்ல இருக்கிறது. அதற்குக் கீழே கல்தொட்டை உழவர்களின் வாய்க்கால் இருக்கிறது.

இவ்விடத்தில் நிலத்தின் அமைப்பைச் சரியாக மனதில் எடுக்க வேண்டும். கசிந்த நீர் நாட்டைவிட்டு ஓடிப்போவதில்லை. அது உடவளவைக்குத்தான் போகிறது. சுரங்கத்தால் போகும் நீரும் முடிவில் உடவளவைக்குத்தான் போகிறது. வித்தியாசம் இடையில் உள்ள ஒரு துண்டு ஆறு மட்டுமே. அணைக்கும், மின்நிலைய நீர் திரும்ப வந்து சேரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் துண்டு. கல்தொட்டை வயல்களுக்கு அணையிலிருந்து நீர் திறந்துவிட வேண்டும் என்பது தெரிந்த விடயம்தான். அதற்கு வழியும் வைத்திருந்தார்கள். ஆனால் அப்படித் திறந்துவிடும் ஒவ்வொரு லிட்டரும் மின்சாரக் கணக்கில் ஒரு நட்டம். வயலுக்கும் மின்சாரத்துக்கும் இடையிலான இந்தப் பேரம் ஓயாத ஒன்று. கல் அந்தப் பேரத்துக்குள் யாரையும் கேளாமல் புகுந்து, தன்பாட்டில் கீழே உள்ளவர்களுக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டது.

என்னோடு வந்த நண்பர் கணக்கு வழக்கில் தேர்ந்தவர். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் என்னோடு வாதிட்டார். “நீங்க அருவியப் பாத்திட்டு கவிஞராகிட்டீங்க சேர். நட்டத்தப் பாருங்க. அந்தத் தண்ணி தேர்பைனில விழாததால நாடு எவ்வளவு எண்ணெய எரிச்சிருக்கும்? அந்தக் கடனக் கட்டினது ஆரு? நீங்களும் நானும்தானே? வெருகலிலயும் மூதூரிலயும் இருக்கிறவனும் சேத்துத்தான் கட்டினான். இது விரயம். இஸ்றாப்.”

அவர் சொன்னதில் பாதிக்கு என்னிடம் மறுப்பில்லை. அணைக்கட்டில் கசிவு என்பது விளையாட்டுக் காரியமல்ல. ஒரு காசுக் கணக்குக்காக மட்டுமன்றி, கீழே உறங்கும் உயிர்களுக்காகவும் அதை அடைக்க முயன்றவர்கள் தம் கடமையையே செய்தார்கள். ஆனால் ‘இஸ்றாப்’ என்ற அவருடைய கடைசிச் சொல்லில்தான் எனக்குத் தடக்கியது. நாம் அந்தச் சொல்லை மிக இலகுவாகப் பாவிக்கிறோம். ஓடும் ஆற்றின் கரையிலிருந்து உளூச் செய்தாலும் நீரை அளவோடு எடுக்கச் சொன்ன மார்க்கம் நமது. அந்தப் போதனை யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நீரை எடுக்கின்ற கையைப் பார்த்து. எடுப்பவன் தேவைக்கு மேல் எடுப்பது விரயம். ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கும் நீர் விரயம் என்று அங்கே சொல்லப்படவில்லை. நாமோ தலைகீழாக்கிவிட்டோம். எடுத்தது எல்லாம் பயன், எடுக்காமல் விட்டது எல்லாம் விரயம் என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதற்கு ஊர்க் காரணம் ஒன்றும் உண்டு. நான் படிப்பிப்பது வெருகல் பக்கத்தில். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலியின் வால் நுனி அது. மகாவலி கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக்குடாவிலும் மற்றது வெருகலாறாகச் சித்திரவேலாயுதர் கோயிலடியால் வந்து வெருகல் முகத்துவாரத்திலும் விழுகின்றன. பாலங்கள் வரும்வரை பாதையில் ஏறி அந்த ஆற்றைக் கடந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பொல்கொல்லையில் 1976 இல் மறித்தார்கள். பிறகு கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை. கடைசியாக அம்பன் கங்கையில் மொறகஹகந்த. ஒவ்வொன்றின் திறப்பு விழாவிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: வீணாகக் கடலில் கலக்கும் நீர் இனிப் பயன்படும் என்று. பராக்கிரமபாகு மன்னனின் பெயரையும் கூடவே இழுப்பார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், வீணாகக் கலக்கும் அந்த இடத்தில்தானே நாங்கள் இருக்கிறோம் என்று. முகத்துவாரத்தில் நன்னீர் வந்து உவர்நீரோடு மோதுவதால்தான் அங்கே இறாலும் கொடுவாவும் மணலையும் உண்டு, கண்டல் உண்டு. மேலிருந்து நீர் வராத மாதங்களில் உவர் ஆற்றுக்குள் ஏறும். வலை போடுகிறவனிடம் போய், ‘வாப்பா, இந்தத் தண்ணீர் வீணாகப் போகிறது’ என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு என்ன கடமைப்பட்டவன் என்ற கேள்வி நபிகளாரின் சபைக்கே வந்த ஒன்று. மதீனாவில் ஹர்றா எனப்படும் கரிய எரிமலைக் கற்பரப்பிலிருந்து மழைநீர் வாய்க்கால்களால் பேரீச்சந் தோட்டங்களுக்கு வரும். ஸுபைர் (றழி) அவர்களின் தோட்டம் மேலே. ஓர் அன்ஸாரியின் தோட்டம் கீழே. நீரை மறிக்காமல் விடு என்றார் கீழே இருந்தவர். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் போனது. ஸுபைர் தம் மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு அயலவருக்கு நீரை விடவேண்டும் என்பது முதலில் சொல்லப்பட்ட தீர்ப்பு. அன்ஸாரி அதில் இனபந்து பார்த்ததாகக் குற்றங்கூற, நபியவர்களின் முகம் மாறி, மேலே உள்ளவரின் முழு உரிமையையும் அளந்து சொன்னார்கள். மஹ்ஸூர், முஸைனிப் என்ற ஓடைகள் பற்றிய தீர்ப்பும் இதே போன்றது: மேலே உள்ளவர் கணுக்காலளவு தேங்கும்வரை நிறுத்தலாம், பிறகு கீழே விடவேண்டும்.

நமது மௌலவிமார் இந்த ஹதீஸை நபியின் தீர்ப்புக்குக் கட்டுப்படுதல் என்ற தலைப்பிலேயே பெரும்பாலும் பயான் பண்ணுகிறார்கள். அது சரியே. நான் ஒரு வட்டவிதானையின் கண்ணால் அதைப் படித்துப் பார்க்கிறேன். மேலே உள்ளவனுக்கு முதல் உரிமை உண்டு என்பது அதில் இருக்கிறது. அந்த உரிமைக்கு ஓர் அளவு உண்டு என்பதும் இருக்கிறது. கணுக்கால் வரைக்கும். அதற்கு மேல் நிற்பது அவனுடைய நீரல்ல. மிஞ்சிய நீரைத் தடுத்து வைப்பது தனியாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. நூறு மீற்றர் உயர அணைகளின் காலத்தில் கணுக்கால் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாம். நமது பிக்ஹு நூல்களைக் கற்றவர்கள் பெருந்தொகையாக இருந்தும் இந்தக் கேள்வியை ஒருவரும் எடுத்து எழுதி நான் வாசித்ததில்லை. பிறை விடயத்தில் காட்டுகிற உற்சாகத்தில் காற்பங்கு போதும்.

இன்னொரு கேள்வி இதைவிட எனக்குச் சிக்கலாக இருந்தது. சமனலவெவ மலை கல்தொட்டைக்கு நீர் கொடுத்தது என்கிறோம். கொடுத்தது என்ற சொல் பொருந்துமா? அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்று படித்தவர்கள் நாம். கல்லுக்கு நிய்யத் ஏது? அடைக்க முயன்ற பொறியியலாளர்களுக்கும் கல்தொட்டைக்குக் கொடுக்கும் நிய்யத் இருக்கவில்லை. ஒருவரும் எண்ணாத நன்மை நன்மைதானா? அதை வாங்கியவனுக்கு அதன்மீது ஏதாவது உரித்து உண்டா, அல்லது கிடைத்தவரை இலாபமா?

கல்லைப் பற்றிய பகுதிக்கு முதலில் வருகிறேன். ஸூறதுல் பகறாவில், இறுகிப்போன உள்ளங்களைக் கல்லோடு ஒப்பிட்டுவிட்டு, அந்த ஒப்புமை கல்லுக்குச் செய்யும் அநீதியாகிவிடாமல் இறைவன் உடனே கல்லின் பக்கம் பேசுகிறான். கற்களில் ஆறுகள் பீறிட்டு ஓடுவன உண்டு, பிளந்து நீர் வெளிவருவன உண்டு, இறையச்சத்தால் உருண்டு விழுவன உண்டு என்ற கருத்தில் அந்த வசனம் அமைகிறது. சிறு வயதில் ஓதப்பள்ளியில் அதை மனனமிட்டபோது எனக்கு அது ஓர் உவமை. துவிலி எல்லவின் கீழ் நின்றபோது அது புவியியல். பிளந்து நீர் வெளிவரும் கல் என்பது 1992 ஒக்டோபரில் இந்த நாட்டில் நடந்த சம்பவம். கல்லுக்கு நிய்யத் இருக்கிறதா என்று எனக்கு முடிவு சொல்ல இயலாது. கல்லும் தனக்குரிய விதத்தில் துதிக்கிறது என்று நம்புகிறவன் நான். அந்தத் துதியை நம்மால் விளங்கிக்கொள்ள முடியாது என்பதும் அந்த நம்பிக்கையின் பகுதிதான். ஆனால் வசனத்தின் எடை கல்லின் மீது இல்லை, எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கல்லைவிடக் கடினமானது எது என்பதில்.

அதை வெருகல் பக்கத்து மனிதனுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெருகலாற்று நீரை வயல்களுக்குத் திருப்பும் மாவிலாற்றுத் துருசு 2006 ஜூலையில் விடுதலைப் புலிகளால் பூட்டப்பட்டது. சிறுபோகப் பயிர் நிற்கும் நேரம். சேருவில பக்கத்துச் சிங்களவர், மூதூர்ப் பக்கத்து முஸ்லிம்கள், தமிழர் என்று மூன்று இனத்தவரின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயல் அந்த நீரில்தான் இருந்தது. பூட்டியதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். தங்கள் பக்கத்து மக்களுக்கு நீர் வசதி செய்து தரப்படவில்லை என்றார்கள். அந்த மக்களின் குறை பொய்யென்று அந்தப் பக்கம் போய்வந்த ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒருவனின் தாகத்துக்கு இன்னொருவனின் பயிரைப் பணயம் வைத்தார்கள். மற்றத் தரப்பு அந்தப் பூட்டைத் திறக்கக் குண்டுவீச்சு விமானங்களோடு வந்தது. அடுத்த மாதமே நாடு முழுப்போருக்குள் இருந்தது. மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள். ஈச்சிலம்பற்று, வெருகல் தமிழர்கள் வாகரைப் பக்கம் ஓடினார்கள். ஆகஸ்டில் துருசு திறந்தது. நீர் வந்தபோது வயலுக்குச் சொந்தக்காரர்கள் வயலில் இல்லை.

நான் இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில், அடைப்பதற்கு உலகத்தின் சிறந்த பொறியியலாளர்கள் முயன்றும் கல் அடைபடாமல் கீழே உள்ளவனுக்கு நீரை விட்டுக்கொண்டிருக்கிறது. மற்றதில், ஓர் இரும்புக் கதவைத் திருப்பும் வேலை. அதற்கு மனம் வரவில்லை. அவரவர் தரப்புக் கதையில் அவரவர் நியாயம் கணுக்காலுக்கு மேலே கழுத்துவரை நின்றது.

மேலே உள்ளவனின் அளவின்மை கோடையில் மட்டுமன்று, மாரியிலும் வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு மலைநாட்டில் பெய்த மழை மகாவலியால் இறங்கி வந்தபோது, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து எங்கள் பக்கம் வெள்ளக்காடானது. கோடையில் கேட்டும் கிடைக்காத நீர் அன்று கேளாமலே வந்தது. இயற்கையின் சீற்றத்துக்கு மனிதரைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமல்ல. ஆற்றின் கடைசியில் இருப்பவனுக்கு நீர் என்பது எப்போதும் மேலே எடுக்கப்பட்ட முடிவுகளின் மிச்சமாகவே வந்து சேர்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். தேவையானபோது அது ‘வீண்’; தேவையில்லாதபோது அது ‘உபரி’. இரண்டு சொல்லையும் உண்டாக்கியவன் மேலேதான் இருக்கிறான்.

உரித்துப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கசிவை ஒருநாள் முழுமையாக அடைக்கும் தொழில்நுட்பம் வரலாம். வந்தால் கல்தொட்டை உழவன், இது எனது நீர் என்று சொல்லலாமா? ஒருவரும் கொடுக்க எண்ணாததை உனது என்று எப்படிச் சொல்கிறாய் என்று என் நண்பர் கேட்பார். என் அபிப்பிராயத்தில் சொல்லலாம். ஒருவர் எண்ணித் தந்தாரா என்பதில் உரித்துத் தொடங்குவதில்லை. எந்த வாய்க்கால் யாருடைய நிலத்தால் ஓடவேண்டும், எந்த வயலுக்கு முதல் முறை என்பதையெல்லாம் யாரும் உட்கார்ந்து நன்கொடையாக எழுதித் தரவில்லை. ஓடியது, ஓடியதை நம்பி மனிதர் குடியேறினர், நம்பியதை மற்றவர் ஏற்றனர். நெடுங்காலம் நிலைத்த வழக்கைத் தக்க காரணமின்றிக் குலைக்கலாகாது என்பது நமது சட்ட அறிஞர்களும் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. இன்னொன்று: கல்தொட்டைக்குள் அந்த ஆறு அணைக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அணை அதை எடுத்தது. கல் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. திரும்பக் கிடைத்த தன் பொருளை ஒருவன் இனாமாகப் பெற்றதாகக் கணக்கெழுதுவது எந்த நியாயம்?

வயலுக்கு இது போதும். அருவிக்கு? மனிதனுக்கு நீர் வேண்டும், பயிருக்கு வேண்டும், கால்நடைக்கு வேண்டும். தாகத்துக்குரிய நீர் யாருக்கும் மறுக்கப்படலாகாது என்று பிக்ஹு சொல்கிறது; விலங்கும் அதற்குள் அடக்கம். விழுவதற்காக மட்டும் ஓர் ஆற்றுக்கு நீர் வேண்டும் என்று கேட்கலாமா? வடஅமெரிக்காவின் நயாகரா, சுண்ணக்கல் வகைப் பாறை விளிம்பிலிருந்து தானே அரித்துச் செதுக்கிய பள்ளத்தாக்குக்குள் விழுவது. அங்கே 1950 இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் எழுதின. உல்லாசப் பயணிகளின் பருவத்தில், பகலில், விநாடிக்கு 1,00,000 கன அடி நீர் அருவியில் விழவேண்டும். மற்ற நேரங்களில் அதில் பாதி. மிச்சத்தை மின்சாரத்துக்கு எடுக்கலாம். நமது தலவாக்கலையிலும் 2012 இல் மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபோது, சென்கிளயர் அருவிக்குப் பகலில் நீர் விடும் ஏற்பாட்டோடுதான் எதிர்ப்புகள் ஒருவாறு அடங்கின. அந்தச் சென்கிளயர் நீரும் மகாவலிக்கே வருவது. வெருகலுக்கு வருகிற சொட்டுகளில் அதுவும் இருக்கலாம்.

இந்த ஏற்பாடுகளை ஏளனம் செய்யமாட்டேன். ஒன்றும் எழுதாமல் இருப்பதைவிட எழுதியிருப்பது நல்லது. ஆனால் அவை பார்ப்பவனின் கண்ணுக்கு ஒதுக்கிய பங்கு. பார்க்க ஆளில்லாத இரவில் அருவி பாதியாகலாம், இல்லாமலும் போகலாம். ஆற்று மீனுக்குப் பகல் இரவு என்ற ஒப்பந்தம் தெரியாது.

ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மலையைக் குடைந்து வீடு கட்டிய, கல்லை வசப்படுத்திய கூட்டம் ஸமூது. அவர்களுக்கு வந்த சோதனை நீர்ப்பங்கீடு. ஒரு நாள் ஒட்டகத்தின் முறை, ஒரு நாள் அவர்களுடைய முறை. நமது வட்டைகளில் முறைத் தண்ணீர் என்போமே, அதுதான். ஒரு விலங்கு, அதனால் அவர்களின் தொழிலுக்கு ஒரு இலாபமும் இல்லை, ஆனாலும் அதற்கொரு நாள் முழுதாக ஒதுக்கப்பட்டது. அவர்கள் அந்த நாளையும் எடுத்துக்கொள்ள விரும்பினார்கள். ஒட்டகத்தின் கால்நரம்பை வெட்டினார்கள். குர்ஆன் விரிவுரையாளர்கள் இதில் கண்ட பாடங்கள் பல. என் கண்ணுக்குப் படுவது அந்த முறை. தனக்குப் பயனில்லாத ஒன்றுக்கும் நீரில் ஒரு முறை உண்டென்பதை ஒரு சமூகம் பொறுத்துக்கொள்ளுமா என்பது. துவிலி எல்லவுக்கு இன்று ஒரு முறை கிடைத்திருக்கிறது. அதை ஒரு மனிதரும் ஒதுக்கவில்லை.

ஆகவே நண்பரோடு பலாங்கொடைக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் கடைசியாகச் சொன்னது இதுதான். கசிவை அடைக்க வேண்டிய நாள் வந்தால், அணையின் பாதுகாப்புக்கு அது அவசியமென்றால், அடைக்கட்டும். அடைப்பதற்கு முன்பே கீழே விடவேண்டிய அளவை எழுதட்டும். வயலுக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஆற்றுக்கென்று இவ்வளவு, இரவிலும் என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “எழுதலாம் சேர். துருசின்ட சாவி ஆரிட்ட இருக்கும்?” என்று கேட்டார். மாவிலாறு அவருக்கும் தெரியும். அவருடைய வாப்பாவின் வயல் அந்த வாய்க்காலில்தான் இருந்தது.